கல் குருடாவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரில் வந்த தத்துவக் கட்டுரையை என் மகள் வாசித்துக் காட்டினாள். எனக்குப் பார்வை போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் தொடங்கிய கிறிஸ்தவத் தத்துவ மரபான ஸ்கொலாஸ்டிக் சிந்தனையாளர்களை, ஊசிமுனையில் எத்தனை தேவதூதர்கள் ஆடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். அந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். மனம் ஆறவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அவர்களை எதிர்த்தவர்கள் பரப்பிய கேலி அது.

அவர்கள் மல்லுக்கட்டிய கேள்வி வேறு: இல்லாததை எப்படி அறிகிறோம்?

அந்த மரபில் வந்த ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி பிரான்சிஸ்கோ சுவாரெஸ் 1597இல் சாலமன்காவில் வெளியிட்ட மெய்யியல் (மெட்டாபிசிக்ஸ்) நூலில் 54 விவாதங்கள் உள்ளன. கடைசி விவாதம் முழுவதும் மனத்தில் மட்டுமே இருப்பு உடையவற்றைப் பற்றியது. உள்பொருள்களின், அதாவது உண்மையில் இருப்பவற்றின், நிழல் போன்றவை என்கிறார் அவற்றை. உள்பொருளே மெய்யியலின் ஆய்வுப்பொருள் என்று வரையறுத்தவர், இந்த நிழல்களுக்கும் ஒரு விவாதத்தை ஒதுக்கினார். அவற்றை விட்டுவிட்டால் அறிவைப் பற்றிப் பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்லுக்குப் பார்வை இல்லை. எனக்கும் இல்லை. இரண்டும் ஒன்றா? கல்லை யாரும் குருடு என்பதில்லை. காண வேண்டிய கண் காணாதபோதுதான் அது குருடு. முன்னது வெறும் இன்மை, பின்னது இழப்பு. அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த இந்த வேறுபாட்டை சுவாரெஸ் இன்னும் நுணுக்கமாக்குகிறார். கண்ணில் பார்வை இல்லை என்பது மனம் கட்டிய கதை அல்ல; அந்த இன்மையை ஒரு பொருளாக உருவகித்துக்கொள்வதே மனத்தின் வேலை. முதல் இரண்டு ஆண்டுகள் நான் அதைத்தான் செய்தேன். ஏதோ ஒன்று வந்து கண்ணில் உட்கார்ந்துகொண்டது, யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். மருத்துவர் பலமுறை விளக்கியும் புரியாதது, பழைய வகுப்புக் குறிப்புகளை மகள் வாசித்த ஒரு மாலையில் புரிந்தது. எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஜெர்மனியின் ஷ்டைன்ஃபுர்ட்டில் கற்பித்த கிளெமென்ஸ் டிம்ப்ளர் 1604இல் இன்னும் துணிந்தார்: அறிவுக்கு எட்டும் எல்லாமே மெய்யியலின் ஆய்வுப்பொருள், ‘ஒன்றுமில்லை’ என்பதும் சேர்த்து. எனக்கு இதில் உடன்பாடில்லை. கதவை அவ்வளவு அகலத் திறந்தால், இருப்பதற்கும் எண்ணப்படுவதற்கும் நடுவே உள்ள கோடு அழிந்துவிடும். ஆனால் 1781இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் ‘ஒன்றுமில்லை’ என்பதை நான்காக வகுத்துப் பட்டியலிட்டபோது, இந்த வாதங்களின் தடத்தில்தான் நடந்தார்.

சுவாரெஸின் 54ஆம் விவாதம் ஆங்கிலத்தில் தனி நூலாகவே கிடைக்கிறது. கட்டுரையாளர் அதை வாசித்துவிட்டு இதே பக்கத்தில் மீண்டும் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தத்துவ ஆசிரியர் ஒருவர்