ஞாபக சக்தி டானிக் பற்றிக் கேட்ட பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்குக் காலை 8 மணிச் சிறப்பு வகுப்புகள் தொடங்கிவிட்டன. போன பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், புள்ள ராத்திரி பகலா படிக்குது, பரீட்சை ஹாலுக்குப் போனா மறந்துடுதுங்குது. ஞாபக சக்திக்கு நல்ல டானிக் இருந்தா சொல்லுங்க."

டானிக் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள். முதலில், பிள்ளையைக் காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

நம் மாணவிகளில் நிறையப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். ஆறே முக்கால் வண்டியை விட்டால் சிறப்பு வகுப்பு போய்விடும். அந்த நேரத்தில் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். பிள்ளை ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறாள். முந்தின நாள் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவள், மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். நடுவில் 16 மணி நேரம். கணக்கும் இயற்பியலும் வேதியியலும் இந்த 16 மணி நேரத்தின் கடைசிப் பகுதியில்தான் நடக்கின்றன. வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி உட்காரும் பிள்ளையிடம் "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது தலைகுனிந்த மௌனம்தான்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு முக்கியத் தீனி குளுக்கோஸ். அதைப் பெரிதாகச் சேமித்து வைத்துக்கொள்ள மூளைக்கு இடமில்லை; ரத்தம் கொண்டுவந்து தந்துகொண்டே இருக்க வேண்டும். சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அந்தக் கையிருப்பு பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் குறைவு. அதனால் பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் காதில் விழும், மனதில் நிற்காது. நாலு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு ஐந்தாவது படிக்குப் போக வேண்டிய கணக்கில்தான் முதலில் இடறும்.

ஜமைக்கா நாட்டில் 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 1989-இல் வெளியானது. ஒரு நாள் காலை உணவு கொடுத்தும், இன்னொரு நாள் கொடுக்காமலும் அதே பிள்ளைகளைச் சோதித்தார்கள். நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த பிள்ளைகள் ஒரு வேளை பட்டினியைச் சமாளித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஊட்டம் குறைந்திருந்த பிள்ளைகள்தான் தடுமாறினார்கள். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல வெறும் வயித்தோட படிக்கலையா?" என்று கேட்கும் அப்பாக்களுக்காக இதைச் சொல்கிறேன். தாங்கியவர்கள் தாங்கினார்கள். தாங்காதவர்களில் பலர் படிப்பை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்து பேசுவதில்லை.

அரசின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது, ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒரே வீட்டில் தம்பி தொடக்கப் பள்ளியில் சூடாகப் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறான். பொதுத் தேர்வு எழுதப் போகும் அக்கா டீயோடு வருகிறாள். மேல்நிலை வகுப்புக்குப் போய்விட்டால் மதியச் சத்துணவும் இல்லை. ஆகவே இந்த இரண்டு வருடமும் முழுப் பொறுப்பு வீட்டின் தலையில் விழுகிறது. இது எனக்கும் வருத்தம்தான்.

பள்ளியில் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறோம். திங்கட்கிழமையிலிருந்து 8.50-க்கு மணி அடித்து, சிறப்பு வகுப்பு மாணவிகளைக் கால் மணி நேரம் சாப்பிட விடுகிறோம். நீங்கள் ஒரு சின்ன டப்பா கொடுத்துவிட்டால் போதும். பெரிய சமையல் எதுவும் கேட்கவில்லை. நேற்று மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்தது, அவித்த முட்டை, கடலை உருண்டை, வாழைப்பழத்தோடு ஒரு பிடி பொட்டுக்கடலை, எது முடிகிறதோ அது. பழைய சோறும் மோரும் கொடுத்துவிடக் கூச்சப்பட வேண்டாம். கூடவே பருப்போ சுண்டலோ இருந்தால் இன்னும் நல்லது, வெறும் சோறு சீக்கிரம் கரைந்துவிடும். பிஸ்கட் பாக்கெட் மட்டும் வேண்டாம். மைதாவும் சர்க்கரையும் சட்டென்று பசியை அடக்கும், பத்தரை மணிக்கெல்லாம் மறுபடி கண்ணைச் சொக்க வைக்கும்.

அடுத்தது ரத்தசோகை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 31. மாதவிடாயில் ரத்தம் போகிறது, வளரும் உடம்புக்கு இரும்புச் சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது, தட்டில் விழுவதோ குறைவு. முட்டை ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது யார் தட்டுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இரும்புச் சத்து குறைந்தால் ரத்தம் எடுத்துச் செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. மூளையின் வேலையும் மந்தமாகிறது. சோர்வு, எரிச்சல், ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது எல்லாம் இதனாலும் வரலாம். "சோம்பேறி", "தூங்குமூஞ்சி" என்று வீட்டிலும் வகுப்பிலும் பெயர் வாங்கும் பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதை எங்கள் ஆசிரியைகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

வாரம் ஒரு முறை பள்ளியில் கொடுக்கும் நீல நிற மாத்திரை இதற்குத்தான். அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. சில பிள்ளைகள் அதை வாயில் போட்டுக்கொண்டு குழாயடியில் துப்பிவிடுகிறார்கள். "அம்மாதான் வேணாம்னாங்க" என்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், உண்மைதான். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்கிறோம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது மாத்திரையிலுள்ள இரும்புச் சத்தால் வருவது. குடற்புழு நீக்க மாத்திரையையும் தவிர்க்காதீர்கள். கொக்கிப்புழு குடலில் இருந்தால், சாப்பிடுகிற கீரையின் பலன் பிள்ளைக்கு வந்து சேராது.

டீ, காபியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அவை உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தாலோ, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றாலோ அதே சத்து கூடுதலாகச் சேரும். வாரம் ஒரு நாள் மத்தியோ நெத்திலியோ வாங்க முடிந்தால் வாங்குங்கள். வஞ்சிரம்தான் சத்து என்பதில்லை.

தண்ணீர் விஷயத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று நம் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பில் நீர் கொஞ்சம் குறைந்தாலே தலை வலிக்கும், கவனம் சிதறும். கழிப்பறைகளை இப்போது காலையும் மதியமும் சுத்தம் செய்கிறோம். தண்ணீர் குடிக்கத் தனியாக மணியும் அடிக்கிறோம். பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பினால் ஏன் என்று கேளுங்கள். கழிப்பறைதான் காரணம் என்றால் எனக்குத் தெரிவியுங்கள்.

இனி நீங்கள் கேட்ட டானிக். வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துக் கொடுங்கள். வல்லாரை மிட்டாய் என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை. பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பெயரில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. கண் விழித்துப் படிக்க என்று சில பிள்ளைகள் எனர்ஜி டிரிங்க் கேன்களை வாங்கிக் குடிப்பதாகக் கேள்விப்படுகிறேன். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அந்தக் கேன் மேலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. மாலையில் குடித்த காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். படித்தது நிலையாகப் பதிவதே தூக்கத்தில்தான். அந்தத் தூக்கத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு ஓர் ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவக் குழு அடுத்த வாரம் வந்து, எல்லா மாணவிகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் உங்களை அழைத்துத் தனியாகப் பேசுவேன். வகுப்பில் யார் பெயரையும் வாசிக்க மாட்டோம். படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். காலை டப்பா கொடுத்துவிட எந்த வழியும் இல்லாத வீட்டார், படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். ஆசிரியர்கள் சேர்ந்து அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை