துணி டயாப்பர் வாங்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

துணி டயாப்பர்தான் என்று முடிவாகிவிட்டது, எந்தத் துணி என்பதில்தான் குழப்பம் என்று எழுதியிருந்தாய். உறையில் 'இயற்கை' என்று போட்டிருக்கிறதே என்று எதையும் வாங்கிவிடாதே. குழந்தையின் தோலில் படுவது எது, உள்ளே உறிஞ்சுவது எது, வெளியே ஈரத்தைத் தடுப்பது எது என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்.

மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்குகிறார்கள். மெத்தென்று இருக்கும், நிறைய ஈரம் தாங்கும், ஆனால் காய நேரமாகும். ஹெம்ப் என்பது கஞ்சாச் செடி இனத்தின் தண்டிலிருந்து எடுக்கும் நார்; அதுவும் நிறையத் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் உறிஞ்சும். குழந்தை சட்டென்று சிறுநீர் போனால் ஓரத்தில் வழிந்துவிடும். மேலே பருத்தி, அடியில் ஹெம்ப் என்று வைத்தால் சரியாகிவிடும். மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிய செயற்கை இழைத் துணி வேகமாக உறிஞ்சும், குழந்தை அழுத்தி உட்கார்ந்தால் உறிஞ்சியதைக் கக்கிவிடும். அதைத் தோலில் நேராகப் படவிடாதே, தோலை வறட்டிவிடும்.

என்னைக் கேட்டால், பிறந்த குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணியை மடித்துக் கட்டி மேலே ஈரம் கசியாத ஒரு கவர் போடுவதுதான் நல்லது. விரித்தால் ஒற்றை அடுக்குதானே, அழுக்கும் சோப்பும் முழுக்க அலசிப் போய்விடும், சீக்கிரம் காயும். குழந்தை வளர வளர மடிப்பை மாற்றிக்கொள்ளலாம். பல அடுக்காகத் தைத்த பேடுகள் வெளியே காய்ந்தது போலத் தெரியும், நடுவில் விரலால் அழுத்தினால் சில்லென்று இருக்கும். வாடை அங்கிருந்துதான் வரும்.

புதுத் துணியை அப்படியே கட்டாதே. வெளுக்காத பருத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார், உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். இழையில் இயல்பாக உள்ள மெழுகும் எண்ணெயும்தான் காரணம். சில முறை துவைத்தபின் அதே சொட்டு பட்டவுடன் இறங்கிவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது மறுபடியும் ஒரு படலத்தைப் பூசிவிடும்.

ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் டிஸ்போசபிள் டயாப்பரில் ஈரத்தைப் பிடித்துவைக்க ஜெல் ஆகும் துகள்கள் உண்டு, துணியில் கிடையாது. அதனால் நனைந்ததும் மாற்றவேண்டும். ஆரம்ப வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைகூட ஆகும். இரவில் மட்டும் டிஸ்போசபிள் போட்டால் என்ன? தாராளமாகப் போடு, நீ தூங்குவதும் முக்கியம்.

சுற்றுச்சூழலுக்காகத்தான் துணி என்றாயே, அது துவைக்கும் விதத்தைப் பொறுத்தது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுக்கு ஆகும் கார்பன் வெளியீடு டிஸ்போசபிளுக்குச் சுமார் 550 கிலோ, துணிக்குச் சுமார் 570 கிலோ. ஆனால் சலவை இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கில் சுமார் 200 கிலோ குறைகிறது. ட்ரையர் மட்டும் வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலக்கறையும் வெயில் பட்டாலே மங்கிவிடும்.

அப்புறம், செட் செட்டாக இப்போதே வாங்கி அடுக்காதே. இரண்டு மூன்று கவரும் கொஞ்சம் துணியும் போதும். கவரைப் போட்டதும் தொடை ஓரத்தில் விரல் விட்டுப் பார். எலாஸ்டிக் இடைவெளி இல்லாமல் படியவும் வேண்டும், தோலில் ஆழமாகத் தடம் பதியவும் கூடாது. ஒல்லித் தொடையா, குண்டுத் தொடையா என்று தெரிந்தபிறகு மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா