சிலோசோ கோட்டையின் பீரங்கிகளும் நம் வீட்டுப் பழைய பெட்டிகளும்: கடற்கரை ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், சித்தார்கோட்டை, தேவிபட்டினம், தொண்டி உள்ளிட்ட இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஸலாமும் வணக்கமும்.

சிங்கப்பூர் சென்று வரும் நம் குடும்பங்களில் பல செந்தோசாத் தீவையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன. அத்தீவின் மேற்கு முனையிலுள்ள சிலோசோ கோட்டையில், பீரங்கிகளின் அருகே பிள்ளைகளை நிறுத்திப் படமெடுக்கும்போது, வெள்ளைக்காரன் பீரங்கிகளையெல்லாம் கடலைப் பார்த்தே வைத்துவிட்டான், 1942இல் ஜப்பானியர் பின்பக்கமாக நிலவழியே வந்ததும் திருப்ப முடியாமல் தோற்றான் என்ற பழைய கதையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அக்கதை பிழையானது. அதைத் திருத்தும் கடமையும், அந்நாட்களின் உண்மை வரலாற்றில் நம் முன்னோருக்குரிய இடத்தைக் காட்டும் கடமையும் நமக்கு உண்டு என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

புலாவ் பிளாக்காங் மாத்தி என்று அன்று வழங்கிய அத்தீவு, கெப்பல் துறைமுகத்தை ஒட்டியே கிடக்கிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அவ்வழியே செல்லும் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரியும் சரக்கும் குவிந்திருந்த துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காக்க, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலோசோ குன்றின் உச்சியைத் தகர்த்துச் சமப்படுத்திப் பீரங்கி மேடைகளை அமைத்தனர். பீரங்கிகள் காலத்துக்குக் காலம் மாறி, இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது அங்கே 6 அங்குலப் பீரங்கிகள் நின்றன. சிங்கப்பூர்ப் பெருந்தீவின் வடகிழக்கே சாங்கியில், செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு அரணாக, அவற்றினும் மிகப் பெரிய 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று இருந்தன.

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணையைக் கடந்து வடமேற்குக் கரையில் இறங்கினர். அதன்பின் சிலோசோவின் பீரங்கிகள் நிலத்தை நோக்கித் திருப்பப்பட்டுச் சுட்டன. எதிரியின் கைக்குப் போகாதிருக்கப் புக்கோம் தீவின் எண்ணெய்க் கிடங்குகளையும் அவை தாக்கின. சாங்கியின் பெரும்பீரங்கிகளும் ஜொகூர்ப் பக்கம் முழங்கின. ஆகவே, திருப்ப முடியாததால் நகர் வீழ்ந்தது என்பது பொருந்தாது. குறை குண்டுகளில் இருந்தது. கரையோரப் பீரங்கிகளுக்கு இருப்பு வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி, போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைத்து உள்ளே சென்று வெடிப்பதற்கென்று செய்யப்பட்டவை. அவை ரப்பர்த் தோட்டத்தின் ஈர மண்ணில் ஆழப் புதைந்து வெடிக்கும்போது, மேலே நடந்து வரும் காலாட்படைக்கு நேரும் சேதம் சிறிது. விழுந்தவுடன் சிதறும் குண்டுகள் மிகக் குறைவாகவே இருந்தன. கடல்வழித் தாக்குதலையே முதன்மையாகக் கருதித் திட்டமிட்டவர்கள், 1941 டிசம்பர் 10இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தபின் கடற்படைத் துணையையும் இழந்தார்கள். தோல்விப் பழியைப் பீரங்கியின் திசைமீது சுமத்தினால் அந்த மேலதிகாரிகளின் பொறுப்பு மறைந்துபோகிறது. என்னை மிகவும் உறுத்துவது இதுவே.

அப்பீரங்கிப் படையில் இந்தியர் பலர் இருந்தனர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் பீரங்கிப் படைக்கு ஆளெடுத்தது பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து. பிப்ரவரி 15இல் நகர் சரணடைந்தது. இரு நாட்களில் ஃபாரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கிருந்தே இந்திய தேசிய இராணுவத்தின் கதை தொடங்குகிறது. பின்னாளில் நம் மாவட்டத்தவரும் அதில் சேர்ந்தார்கள்.

தீவுக்கு எதிரே, கெப்பல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் அக்கரையில் கடை வைத்திருந்தவர்களிலும் தமிழர் ஏராளம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சென்ற சபராளிகள் (கடல்கடந்து பிழைக்கப் போனவர்கள்), போர் முடியும்வரை ஊருக்குப் பணமனுப்பவும் வழியின்றி அங்கே சிக்கினர். இந்தப் பகுதியைச் சொல்ல இராணுவ ஆவணங்கள் போதா. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கப்பல் சீட்டும், பழைய கடவுச்சீட்டும், போருக்குப் பின் வந்த முதல் கடிதமும், வாழைமரப் படம் போட்டு ஜப்பானியர் தம் ஆட்சியில் வெளியிட்ட பத்து டாலர் நோட்டும் அதைச் சொல்லும். வீடு இடித்துக் கட்டும்போதெல்லாம் அவை பழைய பேப்பர்க் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

சிங்கப்பூர் அரசு 2022 பிப்ரவரியில் சிலோசோ கோட்டையைத் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டது. அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிந்து வருகிறது, தமிழிலும் பதிந்திருக்கிறது. அவர்கள் பக்கம் கதவு திறந்திருக்கும்போது நாம் வாளாவிருப்பது முறையன்று. எனவே, அடுத்த பொதுக்குழுவிலேயே இதை ஒரு பொருளாக எடுத்து, ஊருக்கு இரண்டு இளைஞர்களை நியமித்து, வீட்டார் ஒப்புதலோடு அந்த ஆவணங்களைப் படியெடுக்கச் செய்யுங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். படி ஒன்று சங்க அலுவலகத்திலும் மற்றொன்று அந்த ஆவணக்காப்பகத்திலும் இருக்கலாம். அந்நாட்களை அங்கே கழித்துத் திரும்பியவர்களின் பிள்ளைகளே இன்று முதுமையடைந்துவிட்டதால், அவர்கள் கேட்டறிந்தவற்றைப் பதியும் வேலையை முதலில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர்