செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, நிர்வாகக்குழு உறுப்பினர்களே, சந்தா கட்டிய உறுப்பினர்களே, கட்டவிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேற்கு லண்டனில் மாதம் ஒருமுறை கூடும் நம் இசைத்தட்டுக் கேட்போர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான நடவடிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். பொதுக்கூட்டம் ஏப்ரலில் நடந்தது. கோடைக்கால ஒன்றுகூடல் மழை காரணமாக மண்டபத்துக்குள் நடந்தது. பொங்கல் விழா வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. நிர்வாகக்குழு நான்கு முறை கூடியிருக்க வேண்டும். இரண்டு முறை கூடியது. அதில் ஒருமுறை நானும் பொருளாளர் அக்காவும் மட்டுமே இருந்தோம்.

இந்த ஆண்டு நான் பொறுப்பெடுத்து நடத்திய ‘ஒரே ரிடிம்’ என்ற ஜமைக்கா இசைத் தொடரைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும் என்று தலைவர் ஐயா சொன்னார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தொடரை எதிர்த்து எனக்கு வந்த கடிதங்களே மூன்று பக்கத்துக்கு மேல் இருப்பதால், பதிலும் அந்த அளவுக்காவது இருப்பதுதான் நியாயம்.

விஷயம் தெரியாமல் எதிர்த்தவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஜமைக்காவில் ரிடிம் என்பது பாட்டு ஏறாத பின்னணித் தடம். பேஸ் என்ற கனத்த அடிநாதம் உண்டு, தாளம் உண்டு, கீபோர்டில் ஒன்றிரண்டு துணுக்குகள் உண்டு, அவ்வளவுதான். தயாரிப்பாளர் அதைச் செய்து வைத்துக்கொண்டு பாடகர்களை ஒவ்வொருவராக ஸ்டுடியோவுக்கு அழைப்பார். ஒருவர் காதலைப் பாடுவார், இன்னொருவர் எதிரியை வைவார், மூன்றாமவர் கடவுளைக் கும்பிடுவார். வாத்தியக்காரர்களுக்கு ஒரு நாள் சம்பளம். பாட்டோ இருபது தேறும். இவற்றைத் தொகுத்து ஒரே இசைத்தட்டாக வெளியிடும் வழக்கத்தின் தொடக்கமாக, ஜமைக்காத் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் 1974ல் வெளியிட்ட ‘யமஹா ஸ்காங்க்’ தொகுப்பைச் சொல்வார்கள். அதன் அடித்தடம் ஸ்லிம் ஸ்மித்தும் யுனிக்ஸ் குழுவினரும் 1968ல் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. அதாவது தொகுப்பு வந்தபோதே தடத்துக்கு ஆறு வயது.

‘ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்’ என்பதுதான் என் மீதான குற்றச்சாட்டு. நம் ஊரில் திருவிழாப் பாட்டுப் புத்தகம் வாங்கியிருப்பீர்கள். பாட்டின் தலையில் ‘வர்ணமெட்டு: இன்ன பாட்டைப் போல’ என்று அச்சிட்டிருக்கும். மெட்டு பழையது, சொல் புதியது. அதை யாரும் ஒரே பாட்டு என்று சொல்வதில்லை, வரிசையில் நின்று வாங்குகிறோம். ஜமைக்காக்காரர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள்: சொல்லும் புதியது, மெட்டும் புதியது, காலடியில் தளம் மட்டும்தான் பழையது. இந்த வேறுபாடு காதில் விழுவதற்கு நான்காவது பாட்டு வரையாவது உட்கார்ந்திருக்க வேண்டும். கடிதம் எழுதிய பெரும்பாலோர் இரண்டாவது பாட்டில் எழுந்து போனவர்கள். வருகைப் பதிவேடும் கதவும் என் கண் முன்னால்தான் இருந்தன.

இனி நவம்பர் 2ஆம் தேதிக் கூட்டம். அறிவிப்பில் ‘தீபாவளி மாலை’ என்று போட்டது உண்மை. அன்று போட்ட ரிடிமின் பெயரே ‘டிவாலி’. ஸ்டீவன் ‘லென்கி’ மார்ஸ்டன் செய்தது. 2002ல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் அதன் தொகுப்பை வெளியிட்டது. அந்த நிறுவனமோ 1975ல் இதே வெஸ்ட் ஈலிங்கில் ஒரு சிறு இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கியது. பண்டிகைக்கும் பொருத்தம், வட்டாரத்துக்கும் பொருத்தம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அறுபது பேருக்கு மேல் பட்டுச் சேலையும் பலகாரப் பெட்டியுமாக வந்து, பழைய திரைப்பாடல்களுக்காகக் காத்திருந்தார்கள். இந்த ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் அதுவே என்பதைப் பதிவு செய்கிறேன். எந்தக் காரணத்துக்காகக் கூடியது என்பது வேறு விஷயம்.

அன்று நடந்ததைப் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். நான் கண்டது இது. முதலில் ஷான் பாலின் ‘கெட் பிசி’. 2003ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அடுத்து வெய்ன் வொண்டரின் காதல் பாட்டு. “தம்பி, இது முன்னம் போட்ட பாட்டுத்தானே?” என்று முன்வரிசையில் ஒரு ஐயா கேட்டார். இல்லை ஐயா என்றேன். மூன்றாவதாக பவுன்டி கில்லரின் ‘சஃபரர்’, ஏழைகளின் துன்பத்தைப் பாடுவது. அதே கைத்தட்டல் தடம். ஆனால் ஆட்டம் போய்ப் புலம்பல் வந்துவிட்டது. அப்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மடியில் இருந்த முறுக்குப் பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கைகளைத் தட்ட ஆரம்பித்தார். டிவாலி ரிடிமில் டிரம்மை விடக் கைத்தட்டல்தான் தூக்கலாகக் கேட்கும். அதுவும் நேர் அடியில் விழாமல் இடையிடையே தள்ளி விழும். அவர் முதல் இரண்டு சுற்றுத் தவறவிட்டார். மூன்றாவது சுற்றில் உள்ளங்கையைக் குவித்து, விரலை விரித்து, கும்மியில் தட்டுவதைப் போலவே தட்டி அந்தத் தள்ளலைப் பிடித்துவிட்டார். பிறகு நான்கு பாட்டு, நான்கு குரல், அவர் கை மாறவில்லை. என் தொடர் முழுவதையும் விளங்கிக்கொண்ட ஒரே நபர் அவர்தான். அவர் உறுப்பினர் அல்லர். ஓர் உறுப்பினரின் மாமியார்.

டிசம்பரில் ‘கூலி டான்ஸ்’. ‘ஸ்காட்டா’ பரெல் செய்த ரிடிம். 2004ல் நினா ஸ்கை சகோதரிகள் இதன் மீது பாடியது அமெரிக்காவையும் இந்த நாட்டையும் சுற்றி வந்தது. பெயரை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியது என் தவறு. 1845 மே 10ஆம் தேதி ஓல்ட் ஹார்பர் துறையில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கிய கப்பலிலிருந்து 1917 வரை, முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் ஜமைக்கா போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னை வழியாகப் போனவர்களும் உண்டு. அவர்களின் வம்சத்தாரை அங்கே அழைத்த சொல்தான் ‘கூலி’. நம் மொழியின் கூலியிலிருந்தே அது வந்தது என்பாரும் உண்டு, குஜராத்தின் கோலி மக்களின் பெயர் என்பாரும் உண்டு. நான் இந்த வரலாற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தேன். வாசிப்பதற்குள், இலங்கை மலையகத்திலிருந்து வந்த நம் மூத்த உறுப்பினர் பலகையைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர். நான் பின்னால் போனேன். பஸ் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். “பாட்டைப் போடுங்கள், பெயரை அழித்துவிடுங்கள்” என்றார். அழித்தேன். உள்ளே வந்து கடைசி வரை இருந்தார். அந்த மாதம் வந்தவர்கள் ஆறு பேர்.

பிப்ரவரி 23. அன்றைக்காக வாங்கிய கீபோர்டு குறித்துத்தான் கணக்குக் கேள்வி எழுந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு இதே நாளில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் வால்தம் பார்க் சாலையில், தயாரிப்பாளர் ஜாமியின் ஒலிபெருக்கிக் குழுவும் பிளாக் ஸ்கார்ப்பியோ குழுவும் இசைப் போட்டியில் மோதிய இரவில், ‘ஸ்லெங் டெங்’ ரிடிம் கூட்டத்தைத் திணறடித்தது. அன்று வரை ரிடிம் என்றால் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் வேண்டும். இதற்கோ நோயல் டேவியிடம் இருந்த ஒரு சிறிய காசியோ எம்டி-40 கீபோர்டு போதுமாக இருந்தது. அதற்குள் பதிந்திருந்த ‘ராக்’ தாளத்தைப் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அவரும் கண்டெடுத்தார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுதா ஹிரோகோ, 1980ல் காசியோவில் சேர்ந்த இளம்பெண். இசைக் கல்லூரியில் அவர் எழுதிய பட்டப்படிப்பு ஆய்வே ரெகே பற்றியது. ஜப்பானில் ஒரு பெண் பெட்டிக்குள் வைத்ததை ஜமைக்காவில் இரண்டு பேர் திறந்து எடுத்தார்கள்.

நாற்பதாவது ஆண்டு நிறைவை வெறும் இசைத்தட்டு போட்டுக் கொண்டாடுவதா என்று தோன்றியது. பழைய எம்டி-40 ஒன்று 140 பவுண்டுக்கு வந்தது, வாங்கினேன். நிர்வாகக்குழுவின் முன் அனுமதி பெறவில்லை என்பது உண்மை. அனுமதி பெறக் குழு கூடியிருக்க வேண்டும். அன்று வந்த ஒன்பது பேர் நேரில் கண்டார்கள்: தாள விசையை ‘ராக்’கில் வைத்து, ‘சின்க்ரோ’ பொத்தானை அழுத்தி, பேஸ் வரிசையில் இடமிருந்து இரண்டாவது பொத்தானைத் தொட்டதும் அது துள்ளி ஓடியது, வேடிக்கைப் பொம்மையைப் போல. வேகத்தை மெல்லக் குறைத்தேன். ஓர் இடத்தில் பொம்மை கனத்தது, மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் “ஆ” என்றார்கள். அந்த ‘ஆ’வை ரசீதாக இணைக்க முடியுமானால் இணைத்திருப்பேன். ‘ஸ்லெங் டெங்’ என்றால் என்ன என்று கேட்ட தலைவர் ஐயாவிடம் ஒரு மூலிகை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை.

வருகையும் சந்தாவும். பதிவேட்டில் 41 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 20 பவுண்டு. கட்டியவர்கள் 17 பேர். தீபாவளியன்று பலகாரம் எடுத்துச் சென்றவர்களின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட வேண்டாம் என்று பொருளாளர் அக்கா கேட்டுக்கொண்டதால் ஒப்பிடவில்லை. ‘வராத கூட்டத்துக்கு ஏன் சந்தா’ என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் மண்டபத்துக்கு வாடகை உண்டு, விளக்கு எரியும், நாற்காலி போட வேண்டும், பத்து மணிக்குள் எடுத்தும் வைக்க வேண்டும். போடுவதும் எடுப்பதும் யார் என்று இங்கே எழுதுவது அழகல்ல.

கணக்கு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக: வரவு எதிர்பார்த்ததை விடச் சற்றுக் குறைவு, செலவு எதிர்பார்த்ததை விடச் சற்று அதிகம், பொங்கல் நன்கொடையால் பெரும்பகுதி சரிக்கட்டப்பட்டது. கீபோர்டுக்கான தொகை தற்போது ‘இதர’ என்ற தலைப்பில் இருக்கிறது. அவை ஏற்காவிட்டால் என் கையிலிருந்து கட்டிவிடுகிறேன், கீபோர்டும் என் வீட்டுக்கு வந்துவிடும்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், ஒலிபெருக்கி இரவல் தந்த அன்பருக்கும், மண்டபக் காவலருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குத் திரைப்பாடல் மாலைகள் வேண்டும் என்று 11 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் வந்துள்ளது. அதில் 8 பேர் சந்தா நிலுவையில் இருப்பவர்கள் என்றாலும் விண்ணப்பத்தை மதிக்கிறேன். ஒன்றுவிட்டு ஒரு மாதம் திரைப்பாடல் வைக்கலாம். எஞ்சிய மாதங்களில் ஜமைக்காவின் ஸ்டுடியோ ஒன் நிறுவனத்தின் 1967ஆம் ஆண்டு ‘ரியல் ராக்’ தடத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன். மனுக்களுக்குக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை, ஒன்றும் வரவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்

பின்குறிப்பு: ஜமைக்காத் தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலியின் ‘ஸ்டாலக்’ ரிடிம் தொகுப்பு இசைத்தட்டை ஜூலையில் இரவல் வாங்கியவர் இன்னும் திருப்பித் தரவில்லை. பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் மேசை மேல் வைத்துவிட்டுப் போனால் போதும், நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். உறை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.