அந்த இலைப் பாவாடை நான் தைத்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு பள்ளி விழாவின் படம் வந்திருந்தது. பாரதியார் மூன்று பேர், ஜான்சிராணி இரண்டு பேர், வேட்டி நழுவாமல் இருக்கக் கயிறு கட்டிய ஒரு குட்டி விவசாயி. இடது ஓரத்தில் நான்கு பிள்ளைகள் பச்சை இலைப் பாவாடையும் தலையில் கோழிச் சிறகும் முகத்தில் கரியும் கையில் அட்டை ஈட்டியுமாக நின்றார்கள். 'பழங்குடியினரின் பாரம்பரிய உடையில் மாணவர்கள்' என்று கீழே போட்டிருந்தீர்கள்.

அந்தப் பாவாடையை எனக்கு நன்றாகத் தெரியும். சாட்டின் துணி, இடுப்பில் இரட்டை எலாஸ்டிக், இலைக்கு நடுவே நரம்பு மாதிரி ஒரு மஞ்சள் தையல். அது நான் தைத்தது.

ஊட்டியில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை. சீருடை வேலை முடிந்த மாதங்களில் கை சும்மா இருக்கக் கூடாதே என்று வேஷத் துணி தைத்து வாடகைக்கு விட்டேன். ஒரு நாளைக்கு 250 ரூபாய். 'ஆதிவாசி செட்' என்று அதற்குப் பெயர். நானாக வைத்த பெயர்தான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்த வேலையை விட்டேன். விட்டபோது கையிலிருந்த பன்னிரண்டு செட்டையும் இன்னொரு வாடகைக் கடைக்கு விற்றுவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டதால் இன்றைக்கும் அது ஊர் சுற்றுகிறது. தங்கள் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏன் விட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

ஊட்டிக்கு மேலே ஒரு மந்தில், அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில், இருக்கும் அம்மா ஒருவர் என் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பார். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் 'மந்து அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். வயது அறுபத்தைந்துக்கு மேல். ரவிக்கைக்குக் கட்டாயம் பஃப் கை வேண்டும், அதுவும் நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும். ஒரு நாள் அளவு ஜாக்கெட்டோடு வந்தவர், கொடியில் தொங்கிய இலைப் பாவாடையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"பள்ளிக்கூட விழாவுக்குக்கா. ஆதிவாசி வேஷம்."

"எந்த ஆதிவாசி?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்தக் குளிருல இதைக் கட்டினா செத்துப்போவோம் தங்கச்சி" என்றார். ஊட்டியில் டிசம்பர் மாத விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அந்தப் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தவர்களுக்கு நான் எலாஸ்டிக் வைத்த இலை தைத்திருக்கிறேன்.

இந்த மாவட்டத்தின் பழங்குடிகள் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு. பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுக்கு மனப்பாடம் செய்வதுதான். ஆறு பேருக்கும் வெவ்வேறு மொழி, வெவ்வேறு வேலை, வெவ்வேறு உடை. ஆறையும் சேர்த்து ஒரே பச்சைப் பாவாடைக்குள் அடைத்தது என்னைப் போன்றவர்களின் கைவேலை.

அன்று அக்கா தோளில் போட்டிருந்தது பூத்துக்குளி. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள், அவற்றுக்கு நடுவே பூவேலை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி உடம்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரட்டையாக மடித்த துணி என்பதால் உள்ளே ஒரு பெரிய பையும் உண்டு. அக்காவின் பையிலிருந்து வெற்றிலையும் பேருந்துச் சீட்டும் ஒரு முறை இரண்டு கேரட்டும் வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ வருடம் பார்த்த துணியைத் தொழில்காரியான நான் ஒரு முறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்: "அக்கா, கொஞ்சம் காட்டுங்களேன்."

புரட்டிப் பார்த்ததும் எனக்கு ஒரு குழப்பம். தையற்காரிக்கு முதல் பாடமே பிசிறை உள்பக்கம் தள்ளு என்பதுதான். என் ஆசான் அதற்காக அடிஸ்கேலால் விரலில் தட்டியிருக்கிறார். இந்தத் துணியிலோ ஒரு பக்கம் மழமழவென்று இருக்கிறது, மறுபக்கம் நூல் சிறு சிறு வளையமாகப் புடைத்துச் சொரசொரவென்று நிற்கிறது. புடைத்த பக்கத்தைத்தான் வெளியே தெரியும்படி போட்டிருக்கிறார். "அக்கா, மாத்திப் போட்டுட்டீங்க" என்றேன். அவர் இரண்டாம் முறை சிரித்தார். அதுதான் மேல்பக்கமாம். அந்த வளையங்கள் தவறி நின்றவை இல்லை. பூ புடைப்பாகத் தெரிய வேண்டுமென்று, ஊசி திரும்பும் இடத்தில் நூலை வேண்டுமென்றே கொஞ்சம் தளர விடுகிறார்கள்.

பிறகு அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார், நான் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் காசு பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியங்களில் கடை வாசலில் வெயில் விழும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவோம். துணியில் பென்சிலால் வரைவது கிடையாது, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசியை விட வேண்டும். ஓர் இழை தப்பினாலும் நாலு வரிசை தாண்டியதும் எருமைக் கொம்பு ஆட்டுக் கொம்பாகிவிடும். எனக்கு மெஷினில் காலை அழுத்திப் பழகிய கண். எண்ணிக்கை பதினேழுக்கு மேல் நிற்காது. அக்கா என் மூக்குக் கண்ணாடியையே வாங்கிப் போட்டுக்கொண்டு, நான் போட்டதைப் பொறுமையாகப் பிரிப்பார். மூன்று மாதத்தில் நான் ஒழுங்காக முடித்தது ஒரு சாண் பட்டை. அது இப்போதும் என் கத்தரிக்கோல் உறையில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டவை நிறைய. தோடரிடம் தறி கிடையாது. துணி சமவெளியில் நெய்து மேலே வருகிறது, பெண்கள் அதில் பூவேலை செய்கிறார்கள். முன்காலத்தில் தோடர் நெய் கொடுப்பார்கள், இதே மலையில் விவசாயம் செய்யும் படுகர் தானியம் கொடுப்பார்கள், கோத்தர் இரும்புச் சாமானும் சட்டியும் கொடுப்பதோடு மற்றவர்களின் இழவு வீட்டுக்கு வந்து வாத்தியமும் வாசிப்பார்கள். ஒருவர் வீட்டுக் காரியம் இன்னொருவர் இல்லாமல் நடக்காது. அக்கா இதைத் தன் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார். இறந்தவரைப் பூவேலை செய்த பூத்துக்குளியால் சுற்றி அனுப்புவது அவர்கள் வழக்கம். "எனக்கு ஒண்ணு பெட்டியில தயாரா இருக்கு. அதுல பூ ஒண்ணுகூடத் தப்பா இருக்காது" என்று, பால்காரர் வந்துவிட்டார் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் போலி நின்றுவிடவில்லை. இதே சிவப்பு, கறுப்புக் கோலத்தை அச்சடித்த சால்வையைச் சுற்றுலாப் பயணிகளிடம் தோடர் சால்வை என்று விற்பதை நானே பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு ஒரு தையற்காரியின் யோசனை: துணியைப் புரட்டி இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். அச்சுத் துணியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது.

இதையெல்லாம் சொல்வதால், அடுத்தவர் உடையை யாரும் உடுத்தக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதற்கு நேர் எதிர். என் வாடிக்கையாளரான படுக டீச்சர் ஒருவர், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு என்னைத் தம் ஊருக்கு அழைத்தார். பண்டிகையில் எல்லோரும் வெள்ளைதான். எனக்கும் முண்டும் துண்டும் அவரே கட்டிவிட்டார். எல்லாம் தைக்காத துணி, என் தொழிலுக்கு அங்கே பிழைப்பே இல்லை! அக்குளுக்குக் கீழே முண்டை இறுக்கிக் கட்டியதில் நான் குறுகக் குறுக அடி வைத்ததைப் பார்த்து, ஒரு பாட்டி என்னவோ படுகுவில் சொல்ல, பெண்கள் எல்லோரும் கலகலவென்று சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று டீச்சர் இன்று வரை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டிதான் சாப்பாட்டின்போது பக்கத்தில் இடம் பிடித்து வைத்து, முடிச்சை அவிழ்த்து எனக்கு ஏற்றபடி திரும்பக் கட்டிவிட்டார். வாடகைக் கடையில் எடுத்துப் போட்டிருந்தால் யார் கட்டிவிடப் போகிறார்கள்?

ஓவியமும் அப்படித்தான். கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பை அருகே எழுத்துப் பாறையில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் குறும்பர் ஓவியர் ஒருவர் ஒரு கண்காட்சியில் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து வரைந்ததை நான் நின்று பார்த்தேன். வேங்கை மரத்துப் பாலைக் கரைத்துச் செம்பழுப்பு நிறம் எடுத்தார். செங்குத்துப் பாறை, அதில் தொங்கும் கொடி ஏணி, ஏணியில் தேன் எடுக்கும் மனிதன். "அங்கிள், தேனீ கொட்டாதா?" என்று ஒரு பையன் கேட்டான். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு முழங்கையிலிருந்த பழைய தடிப்பைக் காட்டினார். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பேத்தியின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது: வெள்ளிக்கிழமை பாரம்பரிய உடை. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். "நம்ம பாரம்பரிய உடை என்ன அம்மாச்சி?" என்று கேட்டாள். அக்கா அன்று கேட்ட கேள்வி மாதிரியே இதற்கும் எனக்குப் பதில் இல்லை. நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக அம்மா இந்த மலைக்கு வந்தார். டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றார். பட்டுப் புடவை எங்கள் வீட்டில் என் கல்யாணத்தன்றுதான் முதன்முதலாக வந்தது.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் கறுப்புக் கம்பளி இருந்தது, இடுப்பில் கட்டும் படங்கும் இருந்தது. ஈரச் செடி உரசிச் சேலை நனையாமல் இருக்கக் கட்டுவார்களே, அந்தப் படங்கு. தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. அதையே பேத்திக்குக் கட்டி, தலையில் கம்பளி போட்டு அனுப்பினேன்.

பள்ளி வாசலில் ஓர் ஆசிரியை, "இது என்ன வேஷம் பாப்பா?" என்று கேட்டாராம். இவள், "வேஷம் இல்ல மிஸ், எங்க பூட்டி" என்றாளாம். மேடையில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. வழக்கம் போல ஒரு ஜான்சிராணிக்குத்தான் கிடைத்தது. ஆனால் கூட்டிப் பெருக்கும் ஆயா ஓடி வந்து, "யாரு கட்டினது? கட்டு தப்பு, இப்படி நடந்தா மேட்டுல ஏற முடியாது" என்று அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாராம். அவரும் கொழுந்து பறித்தவராம். மூன்று வருடமாக அந்தப் பள்ளி வாசலில் நிற்கிறேன், அவருடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது தினமும் பேசுகிறோம். இலங்கையில் கொட்டகலை பக்கம் அவருடைய பெரியம்மா குடும்பம் இன்னும் இருக்கிறதாம்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருடமும் முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகை நடக்கும்போது, பூத்துக்குளி போர்த்திய தோடர்கள் கைகோத்து ஆடும் படத்தை அழகாகப் போடுகிறீர்கள். அதே பத்திரிகையில் இலைப் பாவாடைக்கும் 'பழங்குடியினரின் பாரம்பரிய உடை' என்று எழுதலாமா? அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், எந்தப் பழங்குடி என்று நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒன்று. பாரம்பரிய உடை தினத்துக்கு இரண்டு நாள் முன்பு தகவல் அனுப்பினால் பெற்றோர் வாடகைக் கடைக்குத்தான் ஓடுவார்கள். ஒரு மாதம் முன்பு சொல்லுங்கள், வீட்டுப் பெட்டியைத் திறப்பார்கள், பாட்டியிடம் கேட்பார்கள். பக்கத்து மந்து, கோத்தர் ஊரான கோக்கால், படுகர் ஊரான ஹட்டி, தோட்டத் தொழிலாளர் லைன் வீடு எங்கிருந்தாவது ஒருவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். அவர் துணியை அவரே கட்டிக் காட்டட்டும்.

மந்து அக்காவைக் கேட்டேன், வருவதாகச் சொல்லிவிட்டார். பணம் வேண்டாமாம். போக வரப் பேருந்துக் காசும், போனதும் ஒரு டீயும் போதுமாம். டீயில் தண்ணீர் கலக்கக் கூடாது, முழுப்பால் டீயாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
உதகமண்டலம்.