டைவுக்கு நான் 'வரவில்லை' என்ற உங்கள் பதில் குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: மாலத்தீவு டைவிங் பயண அட்டவணையில் இருந்த பிழைகள்; பணத்தைத் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். பிப்ரவரியில் நானும் என் மனைவியும் உங்கள் நிறுவனம் மூலமாக மாலத்தீவின் பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்துக்கு ஆறு நாள் போய் வந்தோம். கடைசி நாள் டைவ் இரண்டும் நடக்கவில்லை என்று எழுதிப் பணம் கேட்டதற்கு, "விருந்தினர் டைவுக்கு வரவில்லை, ஆகவே பணம் திரும்பத் தர இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

உங்கள் அட்டவணைப்படி ஆறாம் நாள் காலை 7 மணிக்கு ஒரு டைவ், 9.30-க்கு இன்னொன்று, பகல் 1 மணிக்குக் கடல் விமானம், மாலையில் ஊர் திரும்பும் விமானம். டைவ் செய்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது என்பது ஸ்கூபா (காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் நீந்தும்) வகுப்பில் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம். ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடுகிறது. அது மெதுவாக வெளியேற நேரம் தர வேண்டும். தராமல், அழுத்தம் குறைந்த விமானத்துக்குள் போய் உட்கார்ந்தால் அது குமிழ்களாகிவிடும். மூட்டுவலியோடு போனால் அதிர்ஷ்டம். கைகால் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் விட்டிருந்தது மூன்று மணி நேரம்கூட இல்லை.

டைவ் தெரிந்தவன் முன்பே கவனித்திருக்கலாமே என்பீர்கள். கவனித்தேன், பதிவு செய்த அன்றே போனில் கேட்டேன். "அதெல்லாம் அங்கே அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க சார்" என்றார் உங்கள் பிரதிநிதி.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? ஐந்தாம் நாள் மதிய டைவ் முடித்து, ஈர உடையோடு டைவ் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயிற்றுநர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். ஆறாம் நாளைப் பென்சிலால் வட்டமிட்டார். ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைத் திருப்பி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கும் கடிகாரம் போன்ற டைவ் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் சின்னதாக ஒரு விமானப் படம், பக்கத்தில் இன்னும் காத்திருக்க வேண்டிய மணிக்கணக்கு. காலையில் படகு உண்டு, ஆனால் உங்களுக்கு இடம் இல்லை என்றார். அவர் மறுத்தது சரிதான். ஆனால் அது உங்கள் கோப்பில் 'வரவில்லை' என்று ஏறியிருக்கிறது.

அடுத்தது பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு. "மான்டா திருக்கைகளுடன் ஸ்கூபா" என்று தனிக் கட்டணம் வாங்கினீர்கள். ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபாவுக்கு அனுமதியே கிடையாது, மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங் மட்டும்தான். அதுவாவது போகட்டும் என்றால், மான்டாக்கள் அங்கே கூடுவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர் வரை. அப்போதுதான் நீரோட்டம் பிளாங்டன் என்னும் மிதக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து அந்த விரிகுடாவுக்குள் சேர்க்கும். அதைத் தின்னத்தான் அவை வருகின்றன. நாங்கள் இறங்கிய அன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: பிளாங்டன் இல்லாத இடத்தில் மான்டாவுக்கு என்ன வேலை? முக்கால் மணி நேரம் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெறும் நீல நிறத்தைப் பார்த்துவிட்டுப் படகேறினோம். பிப்ரவரியில் பொதுவாக மழை குறைவு, கடல் அமைதி, போவதற்கு நல்ல மாதம்தான். மான்டாவுக்கு மட்டும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் இன்னொரு டைவ் போயிருப்பேன்.

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது என்று விண்ணப்பத்தில் எழுதியே கொடுத்தோம். நீங்கள் தேர்ந்தெடுத்த தீவிலோ பவளப்பாறைக்குப் போக ஒரே வழி படகுத்துறை ஏணி. அதிலிருந்து இறங்கினால் நேரே ஆழம். இடுப்பளவு தண்ணீரில் நின்று பழக மணல்திட்டு எதுவும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டோடு இரண்டு தடவை இறங்கினார், அப்புறம் போதும் என்றுவிட்டார்.

இன்னொன்று, டைவுக்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவம். நான் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன், மருத்துவர் கையெழுத்து தேவைப்பட்டது. அது அங்கே போன பிறகுதான் தெரிந்தது; முதல் நாள் போயிற்று. கிளம்பும் முன்பே படிவத்தை அனுப்பியிருக்கலாம். அறை, படகு, விமான நிலையத்தில் அழைத்துப்போன விதம் எதிலும் குறை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் டைவ் இரண்டுக்கும் ஹனிஃபாரு பயணத்துக்கும் வாங்கிய தொகையை 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். என் பதிவில் 'வரவில்லை' என்று இருப்பதை 'டைவ் சென்டர் பாதுகாப்புக் காரணத்தால் மறுத்தது' என்று திருத்த வேண்டும். பயிற்றுநர் கையெழுத்திட்ட குறிப்பையும் டைவ் பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இதே ஆறு நாள் அட்டவணை இன்றும் உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது, ஆறாம் நாள் காலை 7 மணி டைவோடு. என் பணம் வருவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்