பூத்தோட்டக்காரருக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம்: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் ஆலயங்களை நடத்திவரும் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

கோவிட் தொற்றைத் தடுக்க மலேசியாவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டன. உயிர் காக்க எடுத்த முடிவு அது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்களுக்குப் பூவும் வெற்றிலையும் வாழையிலையும் கொடுத்துவந்த சிறு தோட்டக்காரர்களின் வருமானம் அன்றே நின்றது. திருமணங்களும் தள்ளிப்போயின. கேமரன் மலையில் காய்கறிகளைக் கொட்டியது நாடு முழுவதும் செய்தியானது. எங்கள் பக்கத்துப் பூவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, விடியற்காலையில் பறித்தாக வேண்டும். அன்று இரவுக்குள் விரிந்துவிடும், மறுநாள் விலை போகாது. வாங்க ஆளில்லாதபோது பறிக்காமல் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். விட முடியாது. பூ செடியிலேயே வாடி அழுகும், மொட்டுப்புழு பெருகும், அடுத்த விளைச்சலும் கெடும். அதனால் செபராங் பிறையில் மல்லிகை பயிரிடும் என் பெற்றோர் தினமும் பறித்தார்கள், பறித்ததைத் தோட்டத்து ஓரத்திலேயே கொட்டினார்கள். வருமானம் இல்லாமல் உழைப்பு மட்டும் தொடர்ந்தது. வெற்றிலையும் அப்படித்தான், முற்றிய இலையை யாரும் தாம்பூலத்துக்கு வாங்குவதில்லை. தேங்காய்தான் சில வாரங்கள் பொறுக்கும். அதற்கும் 2021இல் அடி விழுந்தது. ஜனவரி 13இல் பினாங்கில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது, ஜனவரி 28இல் தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் குவிந்து உடைபடும் தேங்காய்கள் அந்த ஆண்டு தோப்பிலேயே தங்கின.

உதவியே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதங்களுக்கு வங்கிக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. வங்கியில் கடன் வாங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எங்களைப் போன்ற பலர் சொந்த நிலமின்றி, அரசு நிலத்தில் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிந்துபோகும் உரிமத்தை எந்த வங்கியில் அடமானம் வைப்பது? அவர்கள் கடன் வாங்கியது மொத்த வியாபாரியிடமும் அடகுக் கடையிலும். அங்கே வட்டி நிற்கவில்லை.

நில உரிமையை அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். உங்களுக்கு எழுதுவதன் காரணம் வேறு. ஆண்டு முழுவதும் எங்களிடம் வாங்குபவர்கள் நீங்கள். கதவு மூடியிருந்த நாட்களிலும் குருக்கள் நித்திய பூஜையை விடவில்லை, சாமிக்கு ஒரு முழம் பூவாவது சாத்தினார்கள். அந்தப் பூவை யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தால் சில குடும்பங்களுக்கு உரச் செலவாவது கையில் கிடைத்திருக்கும்.

அருகிலுள்ள தோட்டக்காரர்களுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஆலயம் மூடியிருந்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு பூ, இன்ன விலை என்று அதில் இருக்கட்டும். திருவிழா ஆர்டருக்குச் சிறிய முன்பணம் கொடுங்கள். மல்லிகையைத் திருவிழாவுக்கு முன்கூட்டியே கவாத்து செய்து உரமிடுகிறோம், அந்தச் செலவு ஆர்டர் ரத்தானால் திரும்பாது. அந்த ஒப்பந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. நிலையான விற்பனை இருக்கிறது என்று விவசாய இலாகாவிலோ விவசாயக் கடன் தரும் அக்ரோபேங்க்கிலோ காட்ட இன்று எங்களிடம் எதுவும் இல்லை.

அந்த மாதங்களில் உங்கள் உண்டியலும் காலியாகத்தான் இருந்தது, அறிவேன். சிறிய ஆலயங்களால் தனியாக இதைச் செய்ய முடியாது. பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் பெரிய ஆலயங்களும் முன்நின்றால் பலர் சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகப் போடலாம்.

வரும் தைப்பூச ஏற்பாட்டுக் கூட்டத்துக்குத் தோட்டக்காரர் இருவரையாவது அழையுங்கள். அளவையும் விலையையும் முன்பணத்தையும் அவர்களே உங்களிடம் பேசுவார்கள்.

இப்படிக்கு,
செபராங் பிறையில் மல்லிகை பயிரிடும் ஒரு குடும்பத்தின் மகள்